நான்காவது பரிமாணம் மனக்கண்ணில் வருமா?

கேள்வி, ஜனவரி 9

நான்காவது பரிமாணம் எனக்குத் தெரிகிறது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கதை விடுகிறார்கள். நான்கு எண்களை வரிசையாகப் போட்டு இது ஒரு புள்ளி என்று சொல்லலாம், சூத்திரம் எழுதலாம். அதைத் தாண்டி மனதில் படம் எதுவும் வராது. வருகிறது என்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

ஜனவரி 9, இரவு

பாதிக் கை தூக்குகிறேன். முழுதாகத் தூக்கினால் சும்மா விட மாட்டீர்கள் என்று தெரியும்.

பார்ப்பது என்று எதைச் சொல்கிறோம் என்பதிலேயே எனக்கு ஒரு தகராறு. முப்பரிமாணத்தை நாம் நேரடியாகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். விழித்திரை ஒரு தாள் மாதிரி, அதில் விழுவது தட்டையான படம். ஒரு கனசதுரத்தை மேசைமேல் வையுங்கள். ஆறு முகங்களில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் தெரியாது. அந்த மூன்றும்கூடச் சதுரமாகத் தெரியாது, கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆறு முகம், ஆறும் சதுரம் என்று அடித்துச் சொல்கிறோம். பின்பக்கத்தை யார் பார்த்தது? பிறந்ததிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்த பழக்கம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

நான்கில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. உங்களுக்குப் படம் வராததற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. கண்ணின் குறை என்று நான் நினைக்கவில்லை.

ஜனவரி 9, தூக்கம் வராமல்

எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம், அது பொய் சொல்லாது. ஒரு புள்ளியை இழுத்தால் கோடு. கோட்டை அதற்குச் செங்குத்தாக இழுத்தால் சதுரம். சதுரத்தை இழுத்தால் கனசதுரம். முனைகள் 1, 2, 4, 8. அடுத்தது 16. விளிம்புகளுக்கு வழி இதுதான்: இழுப்பதற்கு முன் இருந்த கனசதுரத்தில் 12, இழுத்து முடித்த இடத்தில் இன்னொரு 12, ஒவ்வொரு முனையும் நகர்ந்த தடம் 8. மொத்தம் 32. சதுர முகங்களும் அப்படியே: 6, இன்னொரு 6, ஒவ்வொரு விளிம்பும் வாரிய சதுரம் 12. மொத்தம் 24. அதன் 'சுவர்கள்' கனசதுரங்கள்: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, ஆறு முகங்கள் நகர்ந்து உண்டாக்கிய ஆறு. ஆக 8.

இதற்கு டெசராக்ட் என்று பெயர். ஹிண்டன் என்ற ஆங்கிலேயர் 1888இல் வைத்தது. அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஜனவரி 10

"நான்காவது பரிமாணம்தான் காலமாயிற்றே" என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். 1908இல் மின்கோவ்ஸ்கி என்ற கணிதர் இடத்தையும் காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணமாக வைத்தது உண்மை. ஆனால் அங்கே தூரம் அளக்கும் கணக்கில் காலத்துக்கு மட்டும் குறி எதிர்மறையாக வரும். நீளத்தைத் திருப்பி அகலமாக்குவதுபோல் நீளத்தைத் திருப்பிக் காலமாக்க முடியாது. இங்கே நான் பேசுவது நான்கு திசைகளும் சரிசமமாக இருக்கும் வெளி. காலத்தை வேறொரு நாள் அடித்துக்கொள்வோம்.

ஜனவரி 12

இன்று ஒரு காரியம் செய்தேன். ஸ்ட்ராக்களைச் சம நீளத்துக்கு வெட்டி, உள்ளே நூல் விட்டுக் கட்டி ஒரு கனசதுரச் சட்டம். கட்டி முடித்துத் தூக்கினால் சப்பென்று ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. முக்கோணம் நிற்கும், சதுரம் நிற்காது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மூலைகளில் பசை வைத்து ஒரு மணி நேரம் காயவிட்டேன்.

அப்புறம் அறையை இருட்டாக்கி, சட்டத்தின் ஒரு முகம் சுவருக்கு நேராக இருக்கும்படி தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் நடுவில் போனின் டார்ச்சைப் பிடித்தேன். முதலில் மேசைவிளக்கை வைத்துப் பார்த்தேன், நிழல் கலங்கலாக விழுந்தது. டார்ச்சின் சிறு புள்ளி வெளிச்சத்தில்தான் கோடுகள் துல்லியமாக வந்தன. சுவரில் ஒரு பெரிய சதுரம், அதற்குள் ஒரு சிறிய சதுரம், மூலைக்கு மூலை நான்கு சாய்கோடு. விளக்குக்கு அருகிலிருக்கும் முகம் பெரிதாக விழுகிறது, தள்ளியிருக்கும் முகம் சிறிதாக விழுகிறது.

இப்போது சுவரிலேயே வாழ்கிற ஒரு தட்டை ஆசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்வார்? "உள்ளே ஒரு குட்டிச் சதுரம் மாட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் நான்கு சரிவகம்." நமக்குத் தெரியும், எதுவும் குட்டி இல்லை, எதுவும் உள்ளே இல்லை. ஆறும் ஒரே அளவுச் சதுரம்.

கனசதுரத்துக்குள் கனசதுரமாக டெசராக்ட் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் கனசதுரம் சிறியது என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அது தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். எந்தத் திசையில் தள்ளி என்றால், நமக்குக் கை நீட்டிக் காட்ட முடியாத திசையில்.

இதைவிடப் பெரிய விஷயம் சட்டத்தை மெதுவாகத் திருகியபோது. உள் சதுரம் ஓரத்துக்கு நகர்ந்து, சரிவகமாக விரிந்து, கால் சுற்றில் பக்கவாட்டு முகமாகி, அரைச் சுற்றில் வெளிச்சதுரமாக வந்து நின்றது. நடுவில் நிழல் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போயின. சுவர் ஆசாமி அலறியிருப்பார். என் கையில் இருந்த ஸ்ட்ராக்கள் ஒன்றை ஒன்று தொடக்கூட இல்லை. டெசராக்ட் சுழல்வதாகக் காட்டும் அசைபடங்களில் உள் கனசதுரம் வெளியே பிதுங்கி வெளிக் கனசதுரத்தை விழுங்குமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒவ்வாமல் இருக்கும். இன்று இரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல்முறையாக எதுவும் பிதுங்குவதாகத் தோன்றவில்லை, ஏதோ ஒன்று அமைதியாகத் திரும்புவதாகத் தோன்றியது. மூன்று நான்கு நொடி. பிறகு போய்விட்டது. என் பாதிக் கை அந்த மூன்று நான்கு நொடிக்காக.

ஜனவரி 13

திருத்தம். "ஒரே நேரத்தில் மூன்று முகத்துக்கு மேல் தெரியாது" என்று எழுதியிருந்தேன். அது ஒற்றைக் கண்ணுக்குத்தான் பொருந்தும் என்று ஒருவர் பிடித்துவிட்டார். ஒரு பகடையை மூக்குக்கு நேரே சற்றுத் தள்ளி, கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பிடியுங்கள். பகடை இரு கண்களின் இடைவெளியைவிடச் சிறியது. ஆகவே இடக்கண் இடப்பக்கத்தையும் வலக்கண் வலப்பக்கத்தையும் பார்க்கும், முன்முகமும் மேல்முகமும் இரண்டுக்கும் பொது. ஆக நான்கு. இரு பக்கமும் தெரிகிற புள்ளிகளைக் கூட்டினேன், 7 வந்தது. பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 என்பதால் உண்மையிலேயே எதிரெதிர் முகங்களை ஒருசேரப் பார்த்திருக்கிறேன். இத்தனை வயதில் இப்படிப் பகடையைப் பிடித்துப் பார்த்ததே இல்லை. சரி, வாதத்தை வாபஸ் வாங்கவில்லை, எண்ணை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

ஜனவரி 20

நிழல் ஒரு வழி என்றால் வெட்டுமுகம் இன்னொரு வழி. கோளம் ஒரு தாளைக் கடந்தால் தாளில் புள்ளி தோன்றி, வட்டமாகிப் பெருத்து, சுருங்கி மறையும். நாற்பரிமாணக் கோளம் நம் அறையைக் கடந்தால் வெறும் காற்றில் ஒரு புள்ளி பந்தாகப் பெருத்து, சுருங்கி மறையும். எல்லோரும் சொல்கிற உதாரணம். பந்து எப்படி வெட்டினாலும் பந்து, அதனால் அதிலிருந்து கற்க எதுவும் இல்லை.

கனசதுரத்தை முனை கீழாக நிறுத்தி நீரில் முங்கவைப்பதுதான் சுவாரசியம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்: சரிபாதியில் வெட்டினால் என்ன வடிவம்? நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் முக்கோணம் என்பார்கள், மீதிப் பேர் சாய்சதுரம் என்பார்கள். ஒளி ஊடுருவும் கனசதுர டப்பாவில் பாதி நீர் நிரப்பி, மூடி, ஒரு முனையில் நிறுத்திப் பாருங்கள். நீர்மட்டம் ஒழுங்கான அறுகோணம். முதலில் முக்கோணம், அதன் மூலைகள் சீவப்பட்டு அறுகோணம், மறுபடி முக்கோணம். முப்பரிமாணம் நமக்கு அத்துப்படி என்கிறோம், ஒரு டப்பாவை எந்தப் பக்கம் சாய்த்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அப்புறம் நான்கைப் போய்க் குறை சொல்கிறோம்.

டெசராக்ட்டை அதேபோல் முனை முதலாக நம் வெளிக்குள் இறக்கினால்? ஒரு முனையில் நான்கு கனசதுரச் சுவர்கள் கூடுகின்றன. ஆகவே புள்ளியிலிருந்து ஒரு நான்முகி வளரும். கால்வாசி தூரத்தில் மற்ற நான்கு சுவர்களும் குறுக்கிட்டு நான்முகியின் நான்கு முனைகளையும் சீவத் தொடங்கும். பாதித் தூரத்தில் ஒழுங்கான எண்முகி. பிறகு அதே கதை தலைகீழாக, தலைகீழான நான்முகியாக, புள்ளியாக. அறுகோணத்துக்கு ஆறு பக்கம், கனசதுரத்தின் ஆறு முகங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று. எண்முகிக்கு எட்டு முகம், டெசராக்ட்டின் எட்டுச் சுவர்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று.

இந்த எண்முகியை நான் கணக்குப் போடுவதற்கு முன்பே சொன்னேன். பேருந்தில் நின்றுகொண்டு, கையில் தாள் இல்லாமல். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், சரி. படம் வந்ததா என்றால் தெரியாது. ஆனால் கணக்குக்கு முன்பே சொல்ல முடிந்தால் அதைப் 'பார்ப்பது' என்றுதான் சொல்வேன். கனசதுரத்தின் பின்பக்கத்தையும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம்.

ஜனவரி 21

டப்பாவை முனையில் நிறுத்தப்போய் மேசையெல்லாம் நீர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூடச் சொன்னேனே ஐயா.

பிப்ரவரி 2

கதை விடுகிறார்கள் என்ற முதல் குற்றச்சாட்டுக்கு என் சாட்சி இவர்: அலிசியா பூல் ஸ்டாட். பிறப்பு 1860. உண்மை, பொய் இரண்டை வைத்துக் கணக்குப் போடும் பூலியன் தர்க்கத்தின் ஜார்ஜ் பூல் இருக்கிறாரே, அவருடைய மகள். தந்தை இறந்தபோது இவருக்கு நான்கு வயது. கணிதத்தில் பட்டம் கிடையாது. அக்காவை மணந்தவர்தான் டெசராக்ட்டுக்குப் பெயர் வைத்த ஹிண்டன். அந்த மனிதர் சின்னச் சின்ன மரக் கனசதுரங்களை வைத்து எல்லோருக்கும் நான்காவது பரிமாணம் கற்பிக்க முயன்றவர். மற்றவர்களுக்கு ஏறியதோ இல்லையோ, மைத்துனிக்கு ஏறிவிட்டது.

நாற்பரிமாணத்தில் ஒழுங்கு வடிவங்கள், அதாவது கனசதுரம்போல் எல்லா முகமும் எல்லா மூலையும் ஒரே மாதிரி இருப்பவை, ஆறே ஆறுதான் என்று அவர் தானாகவே கண்டுபிடித்தார். நம் வெளியில் ஐந்து, நான்கில் ஆறு, ஐந்திலும் அதற்கு மேலும் எங்கு போனாலும் மூன்றுதான். ஷ்லேஃப்லி என்ற சுவிஸ் கணிதர் 1850களிலேயே எழுதிவைத்திருந்தார், இவருக்கு அது தெரியாது. ஆறில் ஒன்றுக்கு 120 பன்னிருமுகிச் சுவர்கள், 600 முனைகள். அதை நம் வெளி குறுக்கே வெட்டினால் வரும் வடிவங்களை ஒவ்வொன்றாக அட்டையில் வெட்டி ஒட்டினார், ஆயத்தொலைவுக் கணக்கு எதுவும் இல்லாமல். டச்சுக் கணிதர் ஸ்கௌட்டே அதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். இவர் மாதிரிகளின் புகைப்படத்தை அனுப்ப, இரண்டும் பொருந்திப்போயின. பிறகு இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 1914இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

அட்டை, கத்தரிக்கோல், பசை. 600 முனை. இவர் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

பிப்ரவரி 3

ஹிண்டனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மேல், கீழ், இடம், வலம் போல நான்காவது திசைக்கும் பெயர் வேண்டும் என்று கிரேக்கத்திலிருந்து 'அனா', 'காட்டா' என்று இரண்டு சொற்கள் எடுத்துவைத்தார். நமக்கு ஆனா ஆவன்னா மாதிரிதான் கேட்கிறது. சிரித்தாலும் நல்ல யோசனைதான், பெயர் இல்லாத திசையில் மனம் நகராது. பிரின்ஸ்டனில் வேலை பார்த்தபோது பேஸ்பால் பந்து வீச வெடிமருந்துத் துப்பாக்கி ஒன்று செய்தார். ஆட்டக்காரர்கள் பயந்தார்களாம், பயப்படாமல் என்ன செய்வார்கள். தன் பிள்ளைகள் முப்பரிமாணத்தையாவது உடம்பால் உணரட்டும் என்று மூங்கிலில் சட்டம் கட்டி ஏறவிட்டார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெரியவராகி 1920களில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பூங்காக்களில் குழந்தைகள் ஏறித் தொங்கும் கம்பிக்கூண்டு அங்கிருந்துதான் வந்தது.

பிப்ரவரி 11

சுழற்சியைப் பற்றிக் கேட்டவருக்கு. எதைச் சுற்றிச் சுழல்கிறது என்று கேட்பதில்தான் சிக்கல். தாளில் புள்ளியைச் சுற்றும், நம் வெளியில் அச்சைச் சுற்றும், நான்கில் ஒரு முழுத் தளத்தைச் சுற்றும் என்றால் தலை சுற்றுகிறது. சுழல எப்போதும் இரண்டு திசை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருப்பதெல்லாம் அசையாது. இரண்டு போக மிச்சம் தாளில் பூச்சியம், நம் வெளியில் ஒன்று, நான்கில் இரண்டு. அந்த மிச்ச இரண்டிலும் தனியாக இன்னொரு சுழற்சி நடக்கலாம், ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் இல்லாமல்.

இன்னொரு லாபம்: இடதுகால் செருப்பை நாற்பரிமாணத்தில் அரைச் சுற்றுச் சுற்றி இறக்கினால் வலதுகால் செருப்பாக வந்து விழும். மோபியஸ் என்ற ஜெர்மன் கணிதர் 1827இலேயே இதைக் கவனித்திருக்கிறார். மேசைமேல் தட்டையாகக் கிடக்கும் 'ட'வை எவ்வளவு நகர்த்தினாலும் கண்ணாடி பிம்பமாக ஆக்க முடியாது, தூக்கிக் கவிழ்த்தால் முடியும். அதேதான். முடிச்சும் அங்கே நிற்காது. கயிறு கயிற்றைத் தாண்டிப் போக ஒரு பக்கவழி இருக்கிறது.

பிப்ரவரி 12

"இடதுகை ரப்பர் கையுறையை உள்வெளியாகத் திருப்பினாலே வலதுகைக்கு ஆகிவிடுமே, நான்காவது பரிமாணம் எதற்கு?" சரியான கேள்வி. வளைந்துகொடுக்காத பொருள் என்று சேர்த்து வாசியுங்கள். மரச் செருப்பு.

பிப்ரவரி 23

"சரி, நான்கு பழகிவிடும். பத்து?"

இங்கே கையை இறக்கிவிடுகிறேன். நான்கில் படம் மங்கலாக இருந்தாலும் நம்பலாம். பத்தில் தெளிவாக ஒரு படம் வந்தால் அது ஏமாற்று.

பக்கம் 4 உள்ள சதுரப் பெட்டி. நான்கு மூலையிலும் ஆரம் 1 உள்ள வட்டங்கள், பக்கத்து வட்டங்கள் தொட்டுக்கொண்டு. நடுவில் மிச்சம் இருக்கும் பொந்தில் நான்கையும் தொடும்படி ஒரு சிறு வட்டம். அதன் ஆரம் √2 − 1, கிட்டத்தட்ட 0.41. நம் வெளியில் எட்டுப் பந்து, நடுப்பந்தின் ஆரம் √3 − 1, அதாவது 0.73. நான்கில் √4 − 1, சரியாக 1: பொந்தில் இருப்பது மூலைப் பந்தின் அளவுக்கே வந்துவிட்டது. ஒன்பதில் 2, பெட்டியின் சுவரைத் தொடுகிறது. பத்தில் 2.16. சுவர் இருப்பது மையத்திலிருந்து 2 தூரத்தில். நடுவில் அடைபட்டிருக்க வேண்டிய பந்து பெட்டிக்கு வெளியே தலை நீட்டுகிறது.

இதைப் படித்த அன்று பந்துக்கு முள் முளைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டேன். தவறு. பந்து பந்தாகத்தான் இருக்கிறது, எல்லாப் பக்கமும் ஒரே ஆரம். மாறியது பெட்டி. பத்தில் அதன் மூலை மையத்திலிருந்து 2√10, அதாவது 6.32 தூரத்தில், சுவர் அதே 2இல். மூலைப் பந்துகள் மூலையோடு சேர்ந்து அவ்வளவு தூரம் போய்விட்டதால் நடுவில் இடம் பெருத்துவிட்டது. பெட்டிக்குள் அதைத் தொடும் ஒரே பெரிய பந்தை வைத்தாலும் இதே கதை: தாளில் 78.5 சதவீத இடத்தை அடைக்கும், நம் வெளியில் 52.4, நான்கில் 30.8, பத்தில் 0.25. பெட்டி என்றால் பெரும்பாலும் மூலைகள்.

ஆயிரம் பரிமாணத்தில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அம்பு விட்டால் அவற்றுக்கு இடையிலான கோணம் பெரும்பாலும் செங்கோணத்திலிருந்து ஓரிரு பாகைக்குள் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் சொற்களை எல்லாம் இப்படிப்பட்ட வெளியில்தான் புள்ளிகளாக வைக்கிறார்கள். அவர்களில் பெரியவரான ஜெஃப்ரி ஹிண்டன், 14 பரிமாணத்தைக் கற்பனை செய்ய வேண்டுமானால் மூன்றைக் கற்பனை செய்துகொண்டு மனதுக்குள் "பதினான்கு" என்று உரக்கச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கிண்டலாகச் சொன்னவர். 2024இல் இயற்பியல் நோபல் வாங்கினார். நம் மரக் கனசதுர ஹிண்டனின் கொள்ளுப்பேரன். கொள்ளுத்தாத்தா கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

மார்ச் 5

ஜனவரி 20இல் பேருந்துப் பெருமை பேசினேன் இல்லையா. முதலில் கேள்வி கேட்டவர் வந்து, "அப்படியானால் டெசராக்ட்டை முனை முன்னால் வைத்து, விளக்கை வெகுதூரத்தில் வைத்தால் நிழல் என்ன?" என்று கேட்டார். யோசிக்காமல் எண்முகி என்றேன். தப்பு. வெட்டுமுகத்தையும் நிழலையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

ஸ்ட்ராச் சட்டத்தை மறுபடி எடுத்தேன், ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. முனையை விளக்குக்கு நேராகத் திருப்பினால் நிழலில் வெளிக்கோடு அறுகோணம், நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் இரண்டு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று: கிட்டத்து முனை, எட்டத்து முனை. 6 + 2 = 8. விளிம்பிலும் மூன்று மூன்றாக ஆறு உள்ளே போய்விட மிச்சம் 6 வெளிக்கோடு. டெசராக்ட்டில் 16 முனைகளில் இரண்டு நடுவில் சேர்ந்துவிட, மிச்சம் 14. ஒவ்வொரு முனையிலும் கூடும் சதுரங்கள் ஆறு, இரண்டு முனைக்கும் 12 உள்ளே போக, 24இல் மிச்சம் 12 வெளியே. 14 முனை, 12 முகம், முகங்கள் சாய்சதுரம். சாய்சதுரப் பன்னிரண்டுமுகி. எண்முகிக்கு ஆறு முனைதான், எப்படிப் பொருந்தும்? கேட்டவுடனே எண்ணியிருக்க வேண்டும்.

பாதிக் கையைக் கால் கையாகக் குறைத்துக்கொள்கிறேன். கேட்டவர் மட்டும் இந்த விடையைக் கணக்குப் போடாமல் சொன்னதாகச் சொல்கிறார். கதை விடுகிறாரோ?